திருத்த ஆளில்லாத படிப்பு

கம்பஸ் படிப்போடு சேர்த்துக் கணினி விஞ்ஞானத்தையும் தனியாகப் படித்தேன் என்று சொன்னால் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "எந்தக் கோர்ஸ் செய்தாய்?" பட்டியல் வேண்டுமென்றால் அரைமணித்தியாலத்தில் யாரும் சேர்த்துவிடலாம். தன் பாடங்களை இலவசமாகத் திறந்துவிடப்போவதாக அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் 2001இல் அறிவித்த பிறகு நல்ல பாடங்களுக்குப் பஞ்சமே இல்லை. தனியாகப் படிக்கிறவருக்குப் பஞ்சம் வேறிடத்தில் வரும். செய்த கணக்கு சரியா பிழையா என்று சொல்ல ஆள் இருக்கமாட்டார். நான் எழுதப்போவதில் பாதிக்குமேல் அதைப் பற்றித்தான்.

முதலில் நான் நின்ற இடத்தைச் சொல்லிவிடுகிறேன். உயர்தரத்தில் வணிகப் பிரிவு, தமிழ் மொழிமூலம். இணைந்த கணிதத்தைத் தொட்டதே இல்லை. பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளிக்குக் கிடைத்தது முகாமைத்துவம். கணக்கியல் எனக்குப் பிடித்த பாடம், அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் முதல் வருடத்தில் தகவல் முறைமைகள் என்று ஒரு பாடம் வந்தது. கணினியை ஒரு பெட்டியாக வரைந்து, இந்தப் பக்கம் உள்ளீடு, அந்தப் பக்கம் வெளியீடு என்று இரண்டு அம்புக்குறி போட்டதோடு கதை முடிந்தது. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது முகாமைத்துவ மாணவனுக்குத் தேவையில்லை. உண்மையில் தேவையில்லைதான். இருந்தாலும் எனக்குத் திறந்து பார்க்கவேண்டும் போலிருந்தது.

தொடங்குவதற்கு முன் நேரத்தைக் கணக்குப் பார்ப்பது நல்லது. கணினி விஞ்ஞானத்தைத் தனியாகப் படிப்பவர்களுக்கு டீச் யுவர்செல்ஃப் சிஎஸ் என்று இணையத்தில் ஒரு வழிகாட்டி இருக்கிறது. அது ஒன்பது பாடங்களைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் 100 முதல் 200 மணித்தியாலம் கொடுக்கச் சொல்கிறது. கூட்டினால் 900 முதல் 1,800. கிழமைக்கு எட்டு மணித்தியாலம் ஒதுக்கினால் இரண்டு வருடத்துக்கு மேல். ஆறுதலாகப் போனால் நாலு வருடத்தையும் தாண்டும். எம்ஐடி பக்கமிருந்து பார்த்தாலும் விஷயம் அதேதான். அங்கே வழமையான ஒரு பாடம் 12 அலகு, அதாவது கிழமைக்கு 12 மணித்தியாலப்படி 14 கிழமை. நமக்குக் கிழமைக்கு ஆறு மணித்தியாலம்தான் மிஞ்சுமென்றால் அவர்கள் ஒரு செமஸ்டரில் முடிப்பதை நாம் இரண்டு செமஸ்டரில் முடிப்போம். இது சோம்பல் இல்லை, வெறும் வகுத்தல்.

இந்தக் கணக்கைப் போடாமல் இறங்குகிறவர்கள் ஸ்கொட் யங்கின் கதையைப் பார்த்துவிட்டு மனம் சோர்ந்துபோகிறார்கள். வணிகப் பட்டம் முடித்த அந்தக் கனடாக்காரர், 2011 ஒக்டோபரில் தொடங்கி எம்ஐடியின் கணினி விஞ்ஞானப் பாடங்கள் 33ஐ ஒரு வருடத்துக்குள் முடித்தார். பெரிய விஷயம்தான். ஆனால் அவருக்கு அது முழுநேர வேலை. வரவுப் பதிவில் கையெழுத்துப் போட ஓடவேண்டியதில்லை, வெள்ளிக்கிழமை பிரசன்டேஷன் இல்லை. அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளவேண்டியது வேகத்தை அல்ல. ஒவ்வொரு பாடத்தையும் இறுதிப் பரீட்சை எழுதி, புரோகிராமிங் வேலைகளைச் செய்துதான் முடித்ததாகக் கணக்கு வைத்தார். அதை எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு நேரத்தில் ஒரே பாடம் என்று வைத்துக்கொண்டேன். கம்பஸில் ஏற்கனவே ஐந்து ஓடிக்கொண்டிருந்தன. ஆறாவதுக்கு எப்படியோ இடம் பிடிக்கலாம், ஏழாவதுக்கு முடியாது.

நேரம் எங்கிருந்து வந்தது என்றால் விடியற்காலையிலிருந்து. கொழும்பில், வெள்ளவத்தையில் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். ஒழுங்கைக்குள் இருக்கும் மாடிவீடு, சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர். இரவு பத்து மணிக்கு முன் அங்கே படிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் விடியற்காலையில் இரண்டு வசதி: வீடு அடங்கியிருக்கும், இணையப் பொதியில் நள்ளிரவுக்குப் பிறகு பாவிக்கவென்று தனியாகத் தரும் இரவு டேட்டாவும் மிச்சமிருக்கும். பஸ்ஸில் படிக்கலாம் என்று அறிவுரை சொல்பவர்கள் காலை எட்டு மணிக்குக் காலி வீதியில் 101 பஸ்ஸில் ஏறிப் பார்த்திருக்கமாட்டார்கள். ஒரு கையில் கம்பி, மறுகையில் ஃபோன் என்று நின்றால் ஒன்றில் ஆள் விழும், இல்லாவிட்டால் ஃபோன் விழும். நின்றுகொண்டே காலையில் சிக்கிய கணக்கை மனதில் உருட்டலாம், அவ்வளவுதான். சனிக்கிழமைகளில் 57ஆவது ஒழுங்கையில் இருக்கும் தமிழ்ச் சங்க நூலகம், அல்லது விகாரமகாதேவி பூங்காவுக்குப் பக்கத்திலிருக்கும் பொது நூலகம். கொப்பியும் பேனையுமாகச் செய்யும் பாடங்களுக்கு இரண்டும் நல்ல இடங்கள்.

சரி, திருத்துகிற விஷயத்துக்கு வருகிறேன்.

கம்பஸில் ஒரு அசைன்மென்ட் கொடுத்தால் எப்படியும் அது சிவப்புக் கோட்டோடு திரும்பிவரும். யூடியூபில் லெக்சர் பார்க்கும்போது அப்படி எதுவும் நடக்காது. விரிவுரையாளர் பலகையில் செய்வது எல்லாம் விளங்கியதுபோலவே இருக்கும்; தலையாட்டிக்கொண்டே ஒரு முழுப் பாடத்தையும் பார்த்து முடித்துவிடலாம். அதனால் நான் பாடங்களைத் தேர்ந்தது விரிவுரையாளரின் பெயரைப் பார்த்து அல்ல. வீட்டுவேலையைத் தானாகத் திருத்தும் பொறி, அதாவது ஒரு மென்பொருள், ஏதாவது கூடவே வருகிறதா என்று பார்த்தேன்.

தேடினால் நிறைய இருக்கின்றன. ஹார்வர்டின் அறிமுகப் பாடமான சிஎஸ்50இல் செக்50 என்று ஒரு கருவி உண்டு. நம் புரோகிராமை ஓட்டிப் பார்த்து எந்தச் சோதனையில் விழுந்தது என்று பச்சையிலும் சிவப்பிலும் காட்டும். நோம் நிசானும் ஷிமோன் ஷோக்கனும் உருவாக்கிய, ஒரு கணினியை அடியிலிருந்து கட்டும் பாடமான நேண்ட் டு டெட்ரிஸில் நாம் திரையில் கட்டும் ஒவ்வொரு சிப்புக்கும் எதிர்பார்க்கும் விடை ஒரு கோப்பாக வருகிறது. நம் விடை அதோடு ஒத்துப்போகாத முதல் வரியிலேயே, சிப்பை ஓட்டிப் பார்க்கும் சிமுலேட்டர் நின்றுவிடும். எம்ஐடியின் இயங்குதள (ஒப்பரேட்டிங் சிஸ்டம்) பாடத்தில் எக்ஸ்வி6 என்ற சின்ன இயங்குதளத்தைக் கொடுத்து அதை மாற்றச் சொல்கிறார்கள். 'மேக் கிரேட்' என்று தட்டினால் புள்ளி வரும். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் தரவுத்தளப் பாடமான 15-445 வெளியாட்களும் தங்கள் விடையை ஏற்றிப் புள்ளி பார்க்க வழி செய்திருக்கிறது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒஎஸ்டிஇபி என்ற இயங்குதளப் பாடநூலில் பயிற்சிகளுக்குச் சின்னச் சின்ன பைத்தன் புரோகிராம்கள் இருக்கின்றன. சீட் என்ற தொடக்க எண்ணை மாற்றினால் அவை புதுக் கேள்வி தரும். நாம் விடையை எழுதிவைத்துவிட்டு 'சி' என்ற தெரிவோடு மறுபடி ஓட்டினால் சரியான விடையைக் காட்டும்.

இப்படிப் பொறி இல்லாத பாடங்களும் உண்டு, அவற்றைத் தவிர்க்கவும் முடியாது. முக்கியமாகக் கணிதம். எம்ஐடியின் 6.042, கணினி விஞ்ஞானத்துக்கான கணிதம். இணைந்த கணிதம் படிக்காதவன் என்பதால் அதற்குப் பயந்துகொண்டேதான் போனேன். பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை என்பதை வணிகப் பிரிவுப் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்வேன். நுண்கணிதம் அங்கங்கே எட்டிப்பார்க்கும், ஆனால் முதல் பகுதி முழுவதும் தர்க்கமும், ஒரு கூற்று எப்போதும் உண்மை என்று காட்டும் நிறுவலும்தான். உயர்தரத்தில் அதிகம் கற்றுத்தராத விஷயம் என்பதால் கணிதப் பிரிவுக்காரருக்கும் அது கிட்டத்தட்டப் புதிது.

அந்தப் பாடக் குறிப்பின் தொடக்கத்தில் ஒரு உதாரணம் வரும். ஓர் எண்ணை எடுத்து, அதன் வர்க்கத்தோடு அந்த எண்ணையும் 41ஐயும் கூட்டுங்கள். 0 போட்டால் 41. 1 போட்டால் 43. 2க்கு 47, 3க்கு 53. எல்லாம் முதன்மை எண்கள். 10 போட்டால் 151, 20 போட்டால் 461, அவையும் முதன்மை எண்கள். 39 வரை போனாலும் ஒன்றும் பிழைக்காது. 40 போட்டால் 1,681 வரும். அது 41இன் வர்க்கம். கணக்காய்வு வகுப்பில் மாதிரி எடுத்துச் சரிபார்க்கப் பழகிய எனக்கு இது நல்ல அடி. நாற்பது வவுச்சரைப் பார்த்து நாற்பதும் சரியென்றால் கோப்பை மூடிவிடுவோமே! கணிதத்தில் அப்படி மூடமுடியாது. நிறுவல் எதற்கு என்று அந்த ஒரு பக்கத்தில் விளங்கிவிட்டது.

நிறுவலைத் திருத்தப் பொறி கிடையாது, விடைத்தாள்தான் உண்டு. விடைத்தாள் ஆபத்தான சாமான். பார்த்த உடனே 'ஓ, இதைத்தான் நானும் நினைத்தேன்' என்று தோன்றும். அதனால் பேனையால் முழு விடையையும் எழுதி முடிக்காமல் திறப்பதில்லை, எழுதிய அன்றைக்கே திறப்பதும் இல்லை என்று வைத்துக்கொண்டேன். அடுத்த நாள் பார்க்கும்போது சொந்த எழுத்து வேறு யாருடையதோ மாதிரி இருக்கும். ஓட்டை அப்போதுதான் கண்ணில்படும்.

இதற்கு ஒரு நண்பனும் உதவினான். தெஹிவளைக்காரன், தனியார் நிறுவனமொன்றில் தகவல் தொழில்நுட்பம் (ஐரி) படிக்கிறவன். சனிக்கிழமை மஃரிப் தொழுகைக்குப் பிறகு அவன் வீட்டு மொட்டைமாடியில் இருப்போம். கொப்பியைப் பார்க்காமல் நிறுவலை நான் அவனுக்குத் தமிழில் சொல்லவேண்டும். சரியான விடை என்னவென்று அவனுக்கும் தெரியாது. ஆனால் நான் எங்கே அவசரப்படுகிறேன் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். "மச்சான், அந்த எடத்துல ஒரு படி பாஞ்சிட்டாய். திரும்பச் சொல்லு." பாய்ந்த இடத்தில்தான் எப்போதும் பிழை இருக்கும். படிக்கத் துணை தேடுபவர்கள் தங்களைவிடக் கெட்டிக்காரரைத் தேடி அலையவேண்டியதில்லை. வெட்கப்படாமல் 'வெளங்கல்ல' என்று சொல்கிற ஆள் போதும்.

இதற்கிடையில் பொருளாதார நெருக்கடியோடு 2022 வந்தது. மார்ச் கடைசியில் நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த காலம். இன்றைக்கு எங்கள் வலயத்துக்கு எத்தனை மணிக்குப் போகும், எத்தனை மணிக்கு வரும் என்று அட்டவணை பார்ப்பதுதான் காலையில் முதல் வேலை. என் லப்டொப் செக்கண்ட் ஹேண்ட், பட்டரி ஒரு மணித்தியாலம் தாங்கினால் பெரிய காரியம். அந்த மாதங்களில் படிப்பு நிற்காததற்குக் காரணம் கணிதம் கொப்பியில் நடந்துகொண்டிருந்ததுதான். எம்ஐடி ஓப்பன்கோர்ஸ்வேரில் ஒரு பாடத்தின் குறிப்புகள், பயிற்சிகள் எல்லாவற்றையும் ஒரே பொதியாக இறக்கிக்கொள்ளலாம், வீடியோவும் இறக்கலாம். கரண்டும் இரவு டேட்டாவும் சேர்ந்து கிடைக்கும் நேரத்தில் இறக்கிவைத்துக்கொண்டேன். பயிற்சித் தாள்களை மட்டும் ஃபோட்டோகொப்பிக் கடையில் பிரின்ட் எடுத்தேன், அதுவும் கடதாசி விலை ஏறிய பிறகு ஒரே பக்கத்தில் இரண்டு பக்கம் வரும்படி சின்ன எழுத்தில். இப்போது மின்வெட்டு அப்படி இல்லை. ஆனாலும் ஒரு பாடத்தைத் தொடங்குமுன் அதை முழுதாக இறக்கிவைக்கும் பழக்கத்தை விடவில்லை. இணையம் இல்லாமல் படித்தால் பக்கத்து ஜன்னலில் வேறொன்றும் திறக்காது.

பழைய லப்டொப் பற்றி இன்னொன்று. கணினி விஞ்ஞானம் படிக்கப் பெரிய மெஷின் வேண்டும் என்று நினைத்து மாதக்கணக்கில் காசு சேர்க்கிறவர்களைத் தெரியும். எனக்கிருந்தது 4 ஜிபி ராம். நேண்ட் டு டெட்ரிஸின் சிமுலேட்டரும் எக்ஸ்வி6உம் அதில் பிரச்சினையில்லாமல் ஓடின. சிஎஸ்50இல் வேலை எல்லாம் பிரவுசருக்குள் நடப்பதால் மெஷினுக்குப் பாரம் இல்லை, ஆனால் இணையம் இடைவிடாமல் வேண்டும். அதைச் செய்யும் செமஸ்டரில் கம்பஸ் வைஃபைக்குப் பக்கத்தில் இருப்பது நல்லது.

எல்லாப் பாடங்களிலும் எனக்கு அதிகம் பிடித்தது நேண்ட் டு டெட்ரிஸ்தான், அதனால் அதை மட்டும் கொஞ்சம் உள்ளே போய்ச் சொல்கிறேன். நேண்ட் என்ற ஒரே ஒரு தர்க்கக் கதவைக் கையில் தருகிறார்கள்; 0, 1 என்ற உள்ளீடுகளை வாங்கி ஒரு விடை தரும் சின்னச் சுற்று அது. அதிலிருந்து மற்றக் கதவுகள், அவற்றிலிருந்து கூட்டும் சுற்று, பிறகு நினைவகம், ஐந்தாவது வேலையில் 16 பிட் புரொசெசர். கம்பஸில் பெட்டியாக வரைந்தார்களே, அந்தப் பெட்டி.

அந்தப் புரொசெசருக்கு வரும் கட்டளை ஒவ்வொன்றும் 16 பிட், அதாவது 16 இடத்தில் 0 அல்லது 1. அது இரண்டு வகை. இடதுகோடி பிட் 0 என்றால் மீதி 15 பிட்டும் ஒரு எண், பெரும்பாலும் முகவரி. இடதுகோடி 1 என்றால் அது கணிக்கும் கட்டளை. அதில் வலமிருந்து பூச்சியம், ஒன்று, இரண்டாம் பிட்டுகள் வேறு இடத்துக்குத் தாவலாமா என்று சொல்லும், மூன்றாம் பிட் நினைவகத்தில் எழுது என்று சொல்லும். முதல்முறை கட்டுபவர் அந்த மூன்றாம் பிட்டை நேரே எடுத்து நினைவகத்தின் எழுதும் கம்பியில் கொடுத்துவிடுவார். பார்க்க அழகாக இருக்கும். சோதனையை ஓட்டினால் ஏதோ ஒரு வரியில் ஒத்துப்போகவில்லை என்று நிற்கும். ஏன்? 8 என்ற எண்ணை ஏற்றச் சொல்லும் கட்டளையை எடுங்கள். 8ஐ இரும எண்ணாக எழுதினால் 1000. மூன்றாம் பிட் 1. யாரும் எழுதச் சொல்லாமலே நினைவகத்தில் குப்பை விழும். 7 என்றால் இன்னும் மோசம்: 111, மூன்று தாவல் பிட்டுகளும் 1, புரோகிராம் நிபந்தனையில்லாமல் எங்கேயோ பாய்ந்துவிடும். மருந்து, இரண்டு உள்ளீடும் 1 என்றால் மட்டும் 1 தரும் ஒரு அண்ட் கதவு: இந்த பிட்டுகள் ஒவ்வொன்றையும் இடதுகோடி பிட்டோடு சேர்த்துவிடவேண்டும், இது உண்மையிலேயே கணிக்கும் கட்டளைதானா என்று கேட்டுவிட்டு நடப்பதற்கு.

இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு போயா விடுமுறை முழுவதும் போனது. லெக்சரில் இதே விஷயத்தை ஒரு வாக்கியத்தில் சொல்லியிருப்பார்கள், நான் தலையாட்டியிருப்பேன். அந்தச் சிவப்பு வரி இல்லாமல் இருந்திருந்தால் என் புரொசெசர் சரியென்றே இன்றுவரைக்கும் நம்பிக்கொண்டிருப்பேன்.

பொறி எல்லாவற்றையும் பார்க்காது என்பதையும் சொல்லவேண்டும். விடை சரியா என்றுதான் அது பார்க்கும், எழுதிய விதத்தைப் பார்க்காது. தெமட்டகொடைப் பக்கம் மென்பொருள் கம்பனியொன்றில் வேலைசெய்யும் தூரத்து உறவுக்கார அண்ணா ஒருவர் இடைக்கிடை என் கோடைப் பார்ப்பார். எல்லாச் சோதனையும் பச்சையில் இருந்த ஒரு புரோகிராமைப் பெருமையோடு காட்டினேன். அவர் ஒரு இடத்தில் விரலை வைத்து, "தம்பி, இந்த ஃபங்ஷன் எத்தினை வேலை செய்யுது எண்டு சொல்லு பாப்பம்" என்றார். எண்ணத் தொடங்கினேன், பாதியில் அவரே சிரித்துவிட்டார். மாதத்துக்கு ஒருமுறை, அரைமணித்தியாலம், வேலையிலிருக்கும் ஒருவர். அதற்குமேல் யாரிடமும் கேட்பது நியாயமில்லை. அந்த அரைமணித்தியாலத்துக்கும் நம் பக்கத்தில் எழுதிய கோட் இருக்கவேண்டும். 'எப்படித் தொடங்குவது அண்ணா' என்று கேட்டுக்கொண்டு போகக்கூடாது.

கம்பஸ் படிப்பு இதற்கு இடைஞ்சலா என்று கேட்கிறார்கள். சில நேரம் உதவிதான். தரவுத்தளப் பாடத்தில் ரைட்-அஹெட் லொக் என்று ஒன்று வரும்: தரவை வட்டில் மாற்றுவதற்கு முன் என்ன மாற்றம் செய்யப்போகிறோம் என்பதை ஒரு பதிவேட்டில் எழுதிவிட வேண்டும், நடுவில் கரண்ட் போனால் பதிவேட்டைப் பார்த்து மீட்கலாம். நண்பன் இதில் நிறைய நேரம் தடுமாறினான். எனக்கு அது நாட்குறிப்பேடும் பேரேடும் மாதிரி. கணக்காளர் பதிந்ததை அழிறப்பரால் அழிக்கமாட்டார், பிழையென்றால் எதிர்ப்பதிவு போடுவார். புள்ளிவிபரவியல் பாடமும் அப்படித்தான் கைகொடுத்தது, 6.042இல் நிகழ்தகவு வரும்போது பாதி தெரிந்த வீடு.

இடைஞ்சலாவது பரீட்சைக் காலம். எங்கள் பீடத்தில் 80 சதவீத வரவு இல்லாவிட்டால் பரீட்சைக்கே விடமாட்டார்கள். ஆகவே வகுப்பைக் கட் அடித்துவிட்டு அல்கோரிதம் படிக்கும் வீரம் எல்லாம் சரிவராது. ஸ்டடி லீவ் தொடங்கினால் மற்றதை மூடிவிடுவேன். மூடுவது சுலபம், திரும்பத் திறப்பதுதான் கஷ்டம். ஒரு அத்தியாயத்தை முடித்துவிட்டு நிறுத்தினால் அடுத்ததைத் தொடங்கவே மனம் வராது. அதனால் வேண்டுமென்றே ஒரு சோதனை சிவப்பாக நிற்கும் இடத்தில் நிறுத்துவேன். எந்தக் கோப்பு, எந்தச் சோதனை, எதைச் சந்தேகப்படுகிறேன் என்று கொப்பியில் மூன்று வரி. பரீட்சை முடிந்து வந்து அந்த மூன்று வரியைப் பார்த்தால் கை தானாக வேலையைத் தொடங்கும்.

வேலை கிடைக்குமா என்பது அடுத்த கேள்வி. சிஎஸ்50 முடித்தால் இலவசமாகவே ஒரு சான்றிதழ் வரும், மற்றவற்றில் பெரும்பாலும் அதுகூட இல்லை. தகவல் தொழில்நுட்பத்தில் பட்டம் என்று ஒரு தாள் கட்டாயம் வேண்டுமென்றால் கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் வெளிவாரிப் பட்டம், பிஐடி, 2000ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. வேலைசெய்துகொண்டே செய்யலாம், டிப்ளோமா, உயர் டிப்ளோமா, பட்டம் என்று படிப்படியாகப் போவதால் நடுவில் நிறுத்தினாலும் கையில் ஏதாவது இருக்கும். எனக்குத் தாள் தேவைப்படவில்லை, முகாமைத்துவப் பட்டம் இருந்தது. பயிற்சி வேலைக்காகப் போன நேர்முகத்தில் அவர்கள் பரீட்சைப் புள்ளிகளைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. எக்ஸ்வி6இல் நான் மாற்றிய இடத்தைக் காட்டச் சொன்னார்கள். காட்டினேன், பிறகு பேச்சு அதைப் பற்றியே போனது. எல்லா இடத்திலும் இப்படி நடக்கும் என்று உறுதி தரமாட்டேன். சில கம்பனிகளில் பட்டத்தின் பெயரைப் பார்த்ததோடு விண்ணப்பத்தை ஒதுக்கிவைத்ததும் நடந்தது.

ஒன்பது பாடத்தில் இன்னும் மூன்று பாக்கி. வலையமைப்பை இனித்தான் எடுக்கவேண்டும். ஸ்டான்ஃபோர்டின் சிஎஸ்144இல், இணையத்தில் தரவு தொலையாமல் வரிசையாகப் போய்ச்சேர வைக்கும் டிசிபி என்ற நெறிமுறையை நாமே சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதச் சொல்கிறார்கள், சோதனைகளும் கூடவே வருகின்றன. சித்திரை விடுமுறையில் தொடங்குவதாகத் தெஹிவளைக்காரனோடு பேச்சு. தனக்கு சி பிளஸ் பிளஸ் வராது என்று இப்போதே முணுமுணுக்கிறான். அதற்கு முன் முதல் இரண்டு கிழமைக்கு வேண்டியதை இறக்கிவைக்கவேண்டும், இந்த மாத இரவு டேட்டா முடிவதற்குள்.